சிறுகோளுக்குப் பெயர் வைக்கக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிகளில் சிறுகோள் (சூரியனைச் சுற்றும் சின்னப் பாறை) தேடும் மாணவர் அணிகள் உருவாகி வருவது எனக்குப் பெரிய சந்தோஷம். ஹவாய் தீவுகளில் இருக்கும் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்கள் இணையத்தில் வருகின்றன. அவற்றை அஸ்ட்ரோமெட்ரிகா மென்பொருளில் போட்டு, அடுத்தடுத்து எடுத்த நான்கு படங்களை மாற்றி மாற்றி ஓடவிட்டு, நகர்கிற புள்ளியைப் பிள்ளைகள் தேடுகிறார்கள். இரண்டு பருவமழையும் வந்து விழுகிற நம்ம மாவட்டத்துக்கு இது ரொம்பத் தோதான வேலை, ஏனென்றால் இங்கே வானம் மூடிக் கிடந்தாலும் படம் வந்துகொண்டே இருக்கும். ஆனால் எந்த அணி வந்தாலும் முதல் வாரத்திலேயே அதே கேள்வி: "சார், என்ன பேரு வைக்கலாம்?" நாங்கள் தொடங்கிய காலத்தில் எதிலெல்லாம் தடுமாறினோமோ அதிலேயே இவர்களும் தடுமாறுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, படிவத்தைத் தப்பாக நிரப்புவது மாதிரியானவை தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

காசு கொடுத்துப் பெயர் வாங்குவது

சிறுகோள் பெயர் விற்பனைக்கு இல்லை. சான்றிதழ் அச்சடித்துத் தரும் எந்தத் தளத்தையும் நம்பாதீர்கள்.

குறியீட்டைப் பெயர் என்று நினைப்பது

ஏரிஸ் என்று இன்று நாம் சொல்லும் குறுங்கோளுக்கு (புளூட்டோ மாதிரி, கோளைவிடச் சிறியது) முதலில் கிடைத்தது 2003 யூபி313 என்ற தற்காலிகக் குறியீடு. பார்த்தால் யாரோ கண்டபடி தட்டிய பாஸ்வேர்டு போலத் தெரியும், ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் கணக்கு உண்டு. வருடத்தை அரை மாதங்களாகப் பிரித்து, ஜனவரி முதல் பாதிக்கு ஏ, இரண்டாம் பாதிக்கு பி என்று போய், நடுவில் ஐ எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, டிசம்பர் இரண்டாம் பாதியை ஒய் எழுத்தில் முடிப்பார்கள். அதன்படி யூ என்றால் அக்டோபர் 16 முதல் 31 வரை. அடுத்த எழுத்து அந்த அரை மாதத்துக்குள் வரிசை எண். இதிலும் ஐ கிடையாது, ஆக 25 எழுத்துகள். 25 தீர்ந்துவிட்டால் திரும்ப ஏ-யிலிருந்து தொடங்கி, எத்தனை சுற்று முடிந்தது என்பதைக் கடைசியில் எண்ணாகப் போடுவார்கள். 313 சுற்று முடிந்து, அதற்கு மேல் பி என்பதால் இரண்டு. 313-ஐ 25-ஆல் பெருக்கி இரண்டைக் கூட்டினால் 7827. அந்த அரை மாதத்துக் கணக்கில் ஏரிஸ் 7827-ஆவது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்க வானியலாளர் மைக் பிரவுன் குழுவினர் ஏரிஸை அடையாளம் கண்டது 2005 ஜனவரியில். ஆனால் படம் எடுத்தது 2003 அக்டோபர் 21. குறியீட்டில் இருப்பது படத்தின் தேதிதான். வினாடி வினாவில் "ஏரிஸ் கண்டுபிடிக்கப்பட்டது 2003" என்று எழுதும் பிள்ளைகள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

ஒரே இரவில் கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவிப்பது

இதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இது, அதுவும் பிள்ளைகள் செய்வதில்லை, பெரியவர்கள் செய்வது.

மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு பள்ளி. ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளை, நல்ல கூர்மையான கண், நான்கு படங்களிலும் நேர்கோட்டில் நகர்ந்த மங்கலான புள்ளி ஒன்றைப் பிடித்து அறிக்கை அனுப்பினாள். முதற்கட்டக் கண்டறிதல் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அப்படியே விட்டிருக்கலாம். மறுநாள் ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள், "புதிய கோளைக் கண்டுபிடித்த எங்கள் மாணவி" என்று, படத்தோடு. கொஞ்ச நாளில் பெயரும் முடிவாகிவிட்டது. குளச்சலில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அவளுடைய தாத்தாவின் பெயர். வீட்டில் எல்லாரும் அழுதிருக்கிறார்கள். அப்புறம் பார்த்தால், அந்தப் புள்ளி பல வருடம் முன்பே எண் வாங்கிய ஒரு சிறுகோள். ஃப்ளெக்ஸைக் கழற்றியவர்கள் யாரும் அவளிடம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பில் "உன் கல்லு எங்க பிள்ளே?" என்று கேட்டுக் கேட்டு, அவள் அந்த வேலையையே விட்டுவிட்டாள். அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. பார்த்ததைச் சரியாகப் பார்த்து, அளந்ததைச் சரியாக அளந்து அனுப்பினாள். முந்திக்கொண்டது மற்றவர்கள்.

ஒரே இரவுப் பதிவு ஏன் போதாது என்று புரிந்துகொண்டால் இந்த அவசரம் வராது. ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த நான்கு படங்களில் தெரிவது பாதையின் துளியூண்டு பகுதி. அதை வைத்து அந்தப் பொருள் எந்தத் தூரத்தில், எந்த வட்டத்தில் சுற்றுகிறது என்று சொல்ல முடியாது. அதனால் சிறுகோள் பதிவுகளைச் சேகரிக்கும் உலக மையமான மைனர் பிளானட் சென்டர் பொதுவாக இரண்டாவது இரவின் பதிவும் வந்தபிறகுதான் தற்காலிகக் குறியீடே கொடுக்கும். அந்தக் குறியீடும் முடிவல்ல. பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், நேர் எதிர்ப்பக்கம் சிறுகோள் என்று அமையும் காலத்தை எதிரமைவு என்பார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் சிறுகோள்களுக்கு ஒன்றேகால், ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை இது வரும். பொதுவாக நான்கு எதிரமைவுகளிலாவது பார்த்து, பாதை உறுதியானால்தான் நிரந்தர எண். ஆக ஐந்தாறு வருடம் சாதாரணம், பத்தும் ஆகலாம். எண் வந்த பிறகுதான் பெயர் என்ற பேச்சே. எண் வாங்கியவை பல லட்சம் இருக்கும்போது பெயர் வாங்கியவை சுமார் 25 ஆயிரம்தான்.

பாதை தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முதல் சிறுகோளே சாட்சி. இத்தாலியின் பலெர்மோவில் வானியலாளர் பியாசி 1801 ஜனவரி 1 அன்று சீரிஸைப் பார்த்தார். பிப்ரவரி 11 வரை தொடர்ந்தார். அப்புறம் அது சூரியனின் வெளிச்சத்துக்குள் போய்விட, மறுபடி எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. 24 வயது கணித மேதை காஸ் உட்கார்ந்து கணக்குப் போட்டு இடம் சொன்னார். அந்த டிசம்பர் 31 அன்று வானியலாளர் ஃபான் சாக் அதைத் திரும்பப் பிடித்தார். அந்தக் கணக்கு இல்லையென்றால் சீரிஸும் ஒரு தொலைந்துபோன புள்ளிதான்.

கண்டுபிடித்தவர் யார் என்பதிலும் பெரியவர்களுக்கே தகராறு வந்திருக்கிறது. ஹௌமேயா குறுங்கோளை முதலில் கண்டது யார் என்று ஸ்பெயின் குழுவுக்கும் மைக் பிரவுன் குழுவுக்கும் இடையே பெரிய சர்ச்சை. கடைசியில் 2008-இல், கண்டுபிடித்த இடமாக ஸ்பெயினின் சியரா நெவாடா பதிவானது, கண்டுபிடித்தவர் பெயருக்கான இடம் காலியாக விடப்பட்டது, பெயர் மட்டும் பிரவுன் குழு சொன்ன ஹவாய் தெய்வத்தின் பெயர். குறுங்கோளுக்கே இந்த நிலை என்றால் நம்ம ஜங்ஷன் ஃப்ளெக்ஸ் எதை முடிவு செய்யப் போகிறது?

முதற்கட்டக் கண்டறிதல் என்று பதில் வந்தால் பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள், பிரார்த்தனைக் கூட்டத்தில் சொல்லுங்கள், "மக்களே, நல்லா அளந்திருக்க" என்று சொல்லுங்கள். கண்டுபிடிப்பு என்ற சொல்லையும் பெயரையும் மட்டும் தொடாதீர்கள்.

தலைவர்கள் பெயரை உடனே எழுதுவது

அரசியல், ராணுவம் சார்ந்த மனிதர்களோ நிகழ்ச்சிகளோ என்றால், இறந்தோ நடந்தோ 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். நாகர்கோவில் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போன காமராஜர் பெயரைத்தான் இங்கே பிள்ளைகள் முதலில் எழுதுவார்கள். அவர் மறைந்தது 1975 அக்டோபர் 2, ஆக 2075 வரை பொறுக்க வேண்டும். மார்ஷல் நேசமணிக்கு 2068. நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-ஐ நினைவாக்க வேண்டுமென்றால் 2056. இந்த விதி நல்லது என்றே நான் நினைக்கிறேன். பியாசி தன் சிறுகோளுக்கு அரசர் ஃபெர்டினாண்ட் பெயரையும் சேர்த்து வைத்தார், உலகம் சீரிஸை மட்டும் வைத்துக்கொண்டு அரசரை விட்டுவிட்டது.

கலைஞர்கள், கவிஞர்கள், அறிவியலாளர்கள், விளையாட்டு வீரர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. ஒழுகினசேரிக்காரர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையோ தேரூர்க் கவிமணியையோ யோசியுங்கள்.

எழுத்தை எண்ணாமல் இருப்பது

ரோமன் எழுத்தில், இடைவெளியும் சேர்த்து, 16-க்குள் அடங்க வேண்டும். ஒரே சொல்லாக இருந்தால் நல்லது. தேசிகவிநாயகம் என்று எழுதினால் 15, தப்பிக்கும். முன்னால் கவிமணி சேர்த்தால் 24, போகாது. விஸ்வநாதன் ஆனந்த் பெயரிலுள்ள 4538-ஆம் சிறுகோள் "விஷியானந்த்" என்று சுருங்கியதைப் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் பெயரைப் போலவே ஒலித்தாலும் சிக்கல், ஆகவே பட்டியலைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எங்கே சுற்றுகிறது என்று பார்க்காமல் பெயர் யோசிப்பது

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் என்றால் ஏறக்குறைய எந்த நல்ல பெயரும் சரி. மற்ற இடங்களுக்கு மரபு உண்டு. பூமிக்கு அருகே வருபவற்றுக்குப் புராணப் பெயர். புளூட்டோவைப் போல நெப்டியூனோடு தாளம் சேர்ந்து சுற்றுபவற்றுக்குப் பாதாள உலகத் தெய்வங்கள். வியாழனுக்கு முன்னும் பின்னும் போகிறவற்றில் பெரியவற்றுக்கு டிராய் போர் வீரர்கள், முன்னால் கிரேக்கர், பின்னால் டிராய்க்காரர். இந்தப் பிரிவு வருவதற்கு முன்பே பெயர் வாங்கிய கிரேக்க வீரன் பாட்ரோக்ளஸும் டிராய் வீரன் ஹெக்டரும் இன்றைக்கும் எதிரிப் பாசறையில்தான் சுற்றுகிறார்கள்.

செல்லப் பிராணி

கூடாது. ஒருவர் தன் பூனையின் பெயரை 2309-ஆம் சிறுகோளுக்கு வைத்துவிட்டார், அதன்பிறகு இப்படி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நம்ம பக்கத்திலிருந்து யாரும் வைத்ததில்லை என்று சொல்வது

தப்பு. 1861-இல் மதராஸ் வான் ஆய்வகத்திலிருந்து போக்சன் கண்டது 67-ஆவது சிறுகோள். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால்தான் அதற்கு ஆசியா என்றே பெயர். 1988-இல் காவலூரில் ராஜமோகன் கண்ட 4130-க்கு ராமானுஜன் என்று பெயர்.

எண் வந்தபிறகு ஆளில்லாமல் போவது

எண் கிடைத்த நாளிலிருந்து பத்தாண்டு வரை பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. பெயரோடு, ஏன் இந்தப் பெயர் என்று சில வரி விளக்கமும் எழுதித் தர வேண்டும், அதைச் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பெயரிடும் குழு பார்த்து முடிவு செய்யும். ஒன்பதாம் வகுப்பில் தேடிய பிள்ளை அந்த நேரத்தில் கோவையில் படிக்கலாம், துபாயில் வேலை பார்க்கலாம். ஆசிரியர் மாறுதலாகிப் போயிருப்பார். பள்ளி மெயிலின் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவிருக்காது. அதனால் அணி தொடங்கும் அன்றே எல்லாருக்கும் பொதுவாக ஒரு மெயில் ஐடி திறந்து, அதன் விவரத்தைப் பிள்ளைகள் வீட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டு, வருடத்துக்கு இரண்டு தடவையாவது உள்ளே போய்ப் பாருங்கள்.