விதையில் வலி: "சூடு" என்று சொல்லி நேரத்தைக் கொல்லாதீர்கள்

விதைப்பை வலியோடு விடியற்காலையில் எழுந்த பையன் வீட்டில் சொல்வது பெரும்பாலும் "எம்மா, அடிவயிறு வலிக்கு" என்பதுதான். அது முழுப் பொய்யும் அல்ல. விதை முறுக்கிக்கொண்டால் அடிவயிறும் வலிக்கும், குமட்டும், வாந்தியும் வரும். "ராத்திரி கடையில என்னல தின்ன?" என்று கேட்டு, ஓமத்தண்ணி கொடுத்துப் படுக்கச் சொல்லிவிடுவார்கள். வயிற்றுவலி என்று வரும் பையனிடம் "கீழயும் வலிக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கேட்டால் தலையாவது ஆட்டுவான்.

அவசரம் ஏன்? விதை தொங்கும் கொடிக்குள்தான் அதற்கான ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே விதை பைக்குள் சரியாகப் பிடித்து நிற்காது, எளிதில் சுழலும். கொடி முறுக்கினால் ரத்தம் நின்றுவிடும். எந்த வயதிலும் வரலாம், 12 முதல் 18 வரை அதிகம், தூக்கத்திலேயே வருவதும் சகஜம். 6 மணி நேரத்துக்குள் அவிழ்த்தால் பெரும்பாலும் விதை பிழைக்கும். 12 மணி நேரமானால் ஏறக்குறையப் பாதி வாய்ப்பு. 24 தாண்டினால் பிழைப்பது அபூர்வம்.

இந்தக் கணக்கு வலி தொடங்கிய நிமிடத்திலிருந்து. வீட்டில் சொன்ன நேரத்திலிருந்து அல்ல. காலை 4 மணிக்கு வலி என்றால் 10 மணிக்குள் ஆபரேஷன் தியேட்டரில் இருக்க வேண்டும். திசையன்விளையிலிருந்தோ களக்காட்டிலிருந்தோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு வர பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் காரோ 108-ஓ பிடியுங்கள்.

நம்ம பக்கம் நேரத்தை அதிகம் தின்பது "சூடு பிடிச்சிருக்கும்" என்கிற தீர்ப்பு. தொப்புளில் விளக்கெண்ணெய், பிறகு இளநீர், நுங்கு, பதநீர். முறுக்கிய கொடியை இவை எதுவும் அவிழ்க்காது. போதாக்குறைக்கு, மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். எனவே ஆஸ்பத்திரி போகும்வரை தண்ணீர்கூட வேண்டாம்.

மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையும் ஏமாற்றும். அதைவிட மோசம், மணிக்கணக்கில் துடித்தபின் வலி தானாகக் குறைவது. விதை செத்துப்போனாலும் வலி குறையும். வீட்டில் "சரியாயிட்டு" என்பார்கள்.

கபடியில் அடிபட்டது என்றால் முறுக்கு என்கிற சந்தேகமே வீட்டில் வராது. சாதாரண அடியின் வலி ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். தணியாவிட்டாலும், வீங்கினாலும், ஒரு விதை மேலே ஏறி நின்றாலும் உடனே கிளம்புங்கள். அடிபட்டும் முறுக்கு விழும். காய்ச்சல், நீர்க்கடுப்போடு மெல்ல மெல்ல ஏறும் வலி கிருமித்தொற்றாக இருக்கலாம். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்காதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போய், "ஒரு பக்க விதையில திடீர் வலி, நாலு மணிக்கு ஆரம்பிச்சுது" என்று சொல்லுங்கள். அங்கேயும் வயிற்றுவலி என்றால் தேடல் வேறு பக்கம் போய்விடும். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் உதவும்தான். ஆனால் அறிகுறி தெளிவாக இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திராமல் டாக்டர்கள் நேரே ஆபரேஷனுக்குப் போவார்கள். தடுக்காதீர்கள்.

வெட்கத்துக்குப் பின்னால் ஒரு பயமும் உண்டு: கைப்பழக்கத்தால் வந்த வினை என்று பையன் நினைத்துக்கொள்வான். முறுக்குக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரம் செய்த வேலை அது. அப்பா வெளிநாட்டில் இருக்கிற வீட்டில் மாமாவோ சித்தப்பாவோ முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்: "அங்க வலிச்சா நடுச்சாமம்னாலும் எழுப்புல."

"எடுத்துருவாவ" என்று பயந்து வீட்டிலேயே கிடந்தால்தான் எடுக்க வேண்டி வரும். நேரத்தோடு வந்தால் சின்னக் கீறலில் முறுக்கை அவிழ்த்து, மறுபக்கமும் சுழலாதபடி இரண்டையும் தைத்துவிடுவார்கள். ஒன்றை எடுத்தாலும் மற்றது நன்றாக இருந்தால் பெரும்பாலும் பிள்ளைப்பேற்றுக்குத் தடையில்லை.

பத்து நிமிடம் சுள்ளென்று வலித்துத் தானாக விட்டுப்போகிற வலியையும் ஒதுக்காதீர்கள். முறுக்கித் தானே அவிழ்ந்திருக்கலாம். இப்படி ஒரு தடவை வந்திருந்தாலும் அன்றைக்கே சிறுநீரக அறுவை நிபுணரிடமோ பொது அறுவை டாக்டரிடமோ காட்டினால், அடுத்த முறுக்குக்கு முன்பே தைத்துவிட முடியும்.