பேஸ் கிட்டாரோடு மோதாத இடது கை

வீட்டில் பியானோவைத் தனியாக வாசிக்கும்போது நிறைவாக ஒலித்த கார்டுகள் (பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டுகள்), இசைக்குழுவில் சேர்ந்ததும் கலங்கிப்போயின. சத்தத்தைக் கூட்டினால் கலக்கமும் கூடியது. டோனை மாற்றினேன், ஸ்பீக்கரை நகர்த்தினேன், பலனில்லை.

சிக்கல் கீழ் ஸ்தாயியில் இருந்தது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கார்டுக்குப் பெயர் தரும் மூல ஸ்வரத்தை அது பார்த்துக்கொள்ளும்போது என் இடது கையும் அங்கேயே இறங்கி அதையே அழுத்திக்கொண்டிருந்தது.

ஜாஸ் பியானோ பயிலத் தொடங்கியபோது வழி கிடைத்தது: மூல ஸ்வரத்தையே விட்டுவிடுவது. ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் வாசிப்பில் இதை நிறையக் கேட்கலாம். டி மைனர் செவன் என்ற கார்டுக்கு, டி-யை விட்டுவிட்டு, எஃப், ஏ, சி, இ. அடுத்து வரும் ஜி செவனுக்கு சி மட்டும் அரை ஸ்வரம் இறங்கி பி ஆகிறது. மற்ற மூன்றும் அசைவதில்லை. பிறகு சி மேஜர் செவனுக்கு இ, ஜி, பி, டி. எல்லாம் பியானோவின் நடுவிலுள்ள சி-யைச் சுற்றியே அமைகின்றன. இவ்வளவு குறைந்த அசைவில் இவ்வளவு நிறம் கிடைப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

தனியாகப் பயிலும்போது இவை அந்தரத்தில் தொங்குவதுபோல் ஒலிக்கும். மூல ஸ்வரங்களை மட்டும் மெதுவாகப் பதிவுசெய்து, அதன்மேல் வாசித்தேன், காது பழகியது. 12 சுருதிகளிலும் இதைச் செய்வது அலுப்பூட்டும் வேலை, ஆனால் பாடகர் திடீரென்று சுருதியை மாற்றச் சொல்லும்போது கை தடுமாறுவதில்லை. ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலிலிருந்து காலையும் பெரும்பாலும் எடுத்துவிட்டேன்.

பேஸ் கலைஞர் வராத ஒத்திகைகளில் மட்டும் மூல ஸ்வரம் என் இடது கைக்குத் திரும்புகிறது.