படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு: சொந்தமாகத் தொழில் செய்யும் கலைஞருக்கு ஒரு வருமானக் கணக்கு

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் கரையில் விசைப்படகுகள் ஓய்ந்துவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் பல வீடுகளில் கை இறுகும் காலம் அது. எனக்கு மட்டும் அதுதான் அறுவடை. கரையேற்றிய படகுக்குப் பழுது பார்ப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், எல்லாம் முடிந்த பிறகு பெயர் எழுத என்னைக் கூப்பிடுவார்கள்.

படகுக்குப் பெயர் எழுதுவது, பள்ளிச் சுவரில் படம் போடுவது, பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுப்பது, இதற்கெல்லாம் நடுவில் எனக்காக மசியில் கடற்கரையை வரைவது, இதுதான் என் பிழைப்பு. "அண்ணே, வேலைய விட்டுட்டு முழுசா இதுல இறங்கலாம்னு இருக்கேன், மாசம் எவ்வளவு வரும்?" என்று தம்பிமார் கேட்கிறார்கள். மாதம் எவ்வளவு என்ற கேள்விக்கு இந்தக் கரையில் பதில் கிடையாது. வருஷத்துக்கு எவ்வளவு, அது எந்தெந்த மாதம் வரும் என்று கேட்டால் உட்கார்ந்து கணக்குப் போடலாம். ஓலை பின்னுபவர், ஆரி வேலை செய்பவர், போட்டோ எடுப்பவர் என யாருக்கும் இது பொருந்தும். ஒரு சார்ட் பேப்பர், மூன்று நிறப் பேனா, பேங்க் பாஸ்புக் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வருஷத்தை வரையுங்கள்

சார்ட்டில் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். உங்கள் தொழிலை இப்போதைக்கு மறந்துவிட்டு, ஊரில் எப்போது பணம் புழங்குகிறது, எப்போது அடங்குகிறது என்பதை மட்டும் குறியுங்கள். என் தாளில் இப்படி இருக்கிறது.

தை அமாவாசை, ஆடி அமாவாசை, புரட்டாசியில் மகாளய அமாவாசை: ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடமிருக்காது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்பசாமிகள் கூட்டம். சிறிய, கையில் எடுத்துப்போகிற மாதிரிப் பொருள் செய்பவர்களுக்கு இவை நல்ல நாட்கள். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா பிறை பார்த்து நடப்பதால் வருஷத்துக்கு வருஷம் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகரும். போன வருஷத் தேதியை நம்பிச் சரக்கு செய்துவிட்டுத் தவிக்காதீர்கள். கீழக்கரைப் பக்கம் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் விடுமுறைக்கு வரும்போது கல்யாணமும் வீட்டு வேலையும் சேர்ந்து வரும். மே மாதம் பள்ளி லீவு, அதனால் ஓவிய வகுப்பு. ஏப்ரல், மே, ஜூனில் படகு வேலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாடைக்காற்றில் ஈரச் சுவரில் பெயிண்ட் நிற்காது, எனக்கு வெளி வேலையே இல்லை.

இப்போது உங்கள் பாஸ்புக்கைப் பார்த்து, போன வருஷம் எந்த மாதம் எவ்வளவு வந்தது என்று அதே கட்டங்களில் வேறு நிறத்தில் எழுதுங்கள். நான் முதன்முதலில் இப்படி எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் "நமக்கு ஓவியம் வராது, பேசாமல் கடை வைக்கலாம்" என்று நினைத்திருக்கிறேன். என் கையில் ஒரு குறையும் இல்லை. மழை பெய்திருக்கிறது, அவ்வளவுதான்.

படி 2: மூன்று வேலை, அதற்கு மேல் வேண்டாம்

ஒன்று சோறு போடும் வேலை: கேட்டவர் சொன்னபடி செய்து கொடுத்துக் காசு வாங்குவது. இரண்டாவது, தவறாமல் வரும் சின்ன வேலை: வகுப்பு, மாதாமாதம் ஒரே கடைக்குச் செய்வது போல. மூன்றாவது உங்கள் சொந்த வேலை. இதற்கு யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை, யாரும் திருத்தம் சொல்லவும் முடியாது.

ஏழெட்டு வருமானம் வேண்டும் என்று இப்போதெல்லாம் பேசுகிறார்கள். நான் ஒரு காலத்தில் ஆறு வைத்திருந்தேன். டி-ஷர்ட் அச்சிடுவதுகூட. ஆறு வாடிக்கையாளர் கூட்டத்துக்குப் பதில் சொல்வதிலேயே பொழுது போனது. மூன்றும் ஒரே கையிலிருந்து வரட்டும், ஒன்றுக்குப் பழகியது இன்னொன்றுக்கு உதவட்டும். படகில் எழுதிப் பழகிய கோடுதான் என் மசி ஓவியத்திலும் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கடற்கரையில் கிடைப்பதை வைத்துக் கைவினை செய்யலாம் என்று பலர் ஆரம்பிக்கிறார்கள். பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை, சில வகைச் சங்குகள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. செத்து ஒதுங்கியது என்று சொல்லித் தப்ப முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பனை ஓலை இருக்கிறது, சாயல்குடிப் பக்கம் பனைக்குப் பஞ்சமா? அதை எடுங்கள்.

படி 3: ஒரு நாள் கூலியைக் கண்டுபிடியுங்கள்

இதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். "பக்கத்து ஆள் 1,000 வாங்குகிறார், நான் 800 சொல்கிறேன்" என்பது விலை அல்ல. உதாரணத்துக்கு இப்படிப் பாருங்கள்.

வீட்டுச் செலவு மாதம் 15,000. வறண்ட மாதத்துக்கு ஒதுக்க 6,000. கருவி, தாள், கற்றுக்கொள்ளும் செலவு 3,000. மொத்தம் 24,000. இதை 30 நாளால் வகுக்காதீர்கள். ஆள் பார்க்கப் போகிற நாள், பெயிண்ட் வாங்க ராமநாதபுரம் போகிற நாள், காசு கேட்டு அலைகிற நாள் எதற்கும் கூலி கிடையாது. காசு வரும் நாள் 16 என்றால், 24,000 வகுத்தல் 16, அதாவது 1,500. இதுதான் உங்கள் நாள் கூலி. பொருள் செலவு தனி.

ஒரு படகுக்குப் பெயர் எழுத எத்தனை நாள் என்று பாருங்கள். பார்ப்பவர்களுக்கு அது இரண்டு மணி நேர வேலை. முதலில் பலகையில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கழுவாமல் அடித்தால் பெயிண்ட் கொப்பளித்து உரியும். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பிரைமர். அது காய வேண்டும். சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துப் பிடித்து அடித்தால் கோடு விழும். ஆனால் முகப்பில் பலகை வளைந்திருக்கும், நேர்க்கோடு அங்கே தொங்குவது போலத் தெரியும். இருபது அடி பின்னால் போய்ப் பார்த்து, கண்ணுக்கு நேராகத் தெரியும்படி கோணலாகப் போட வேண்டும். அப்புறம் 'ஐஎன்டி டிஎன் 10 எம்எம்' என்று தொடங்கும் பதிவு எண். அதில் அழகு பார்க்கக் கூடாது, தூரத்திலிருந்து படித்தால் போதும். நடுவில் கச்சான் காற்று கிளம்பினால் ஈர எழுத்தில் மணல் ஒட்டிவிடும், மறுபடி தேய்க்க வேண்டும். ஆக இரண்டு நாள். 3,000 ரூபாயும் எனாமல் விலையும். இப்படி ஒவ்வொரு படியாகச் சொன்னால் படகு முதலாளி பேரம் பேசுவதில்லை. பேசினாலும் கொஞ்சமாகப் பேசுகிறார்.

படி 4: பங்கு பிரியுங்கள்

நாட்டுப்படகில் மீன் விற்ற பணத்தை எப்படிப் பிரிப்பார்கள் என்று கரையில் யாரிடமும் கேளுங்கள். முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மீதியில் படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, அப்புறம் ஆளுக்கு ஒரு பங்கு. ஊருக்கு ஊர் கணக்கு மாறும், ஆனால் வலைக்குப் பங்கு போடாத கரை கிடையாது. கிழிந்த வலையோடு நாளைக்கு யார் போவது?

அதையே செய்யுங்கள். ஒரு வேலையில் 10,000 வந்தது, பொருள் செலவு 2,000 என்றால் மீதி 8,000. அதை எட்டுப் பங்காக்குங்கள். வீட்டுக்கு ஐந்து, மழைக்காலத்துக்கு இரண்டு, வலைக்கு ஒன்று. நமக்கு வலை என்பது கருவி, தாள், கற்றுக்கொள்ளும் செலவு. படி 3-இல் போட்ட 15,000, 6,000, 3,000 அதே விகிதம்தான். மழைக்காலப் பங்கு வேறு பேங்க் கணக்கில் இருக்கட்டும், அதற்கு ஏடிஎம் கார்டும் வேண்டாம், யுபிஐ-யும் வேண்டாம்.

மீனவர்களுக்கு அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 3,000 போட்டு, வேலை குறைந்த காலத்தில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. தூரிகை பிடிப்பவனுக்கு அந்த 3,000-ஐப் போட ஆள் இல்லை. இரண்டு பங்கு ஒதுக்கச் சொல்வது அதனால்தான்.

வலைப் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை. கை இறுகும்போது முதலில் அதில்தான் கை வைக்கத் தோன்றும். நானும் வைத்திருக்கிறேன். இரண்டு வருஷம் நல்ல தாள் வாங்காமல் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரைந்தேன். அந்தப் படங்களில் ஒன்றைக்கூட விற்க முடியவில்லை. மசி மறுபக்கம் ஊறியிருந்தது.

படி 5: நாளைப் பிரியுங்கள்

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்று ஓர் ஏற்பாடு உண்டு. இரண்டும் ஒரே நாளில் போனால் விசைப்படகு இழுக்கும் மடி நாட்டுப்படகின் வலையைக் கிழித்துக்கொண்டு போய்விடும். ஆர்டர் வேலையும் சொந்த வேலையும் அப்படித்தான். ஒரே நாளில் இரண்டையும் வைத்தால், கிழிவது எப்போதும் சொந்த வேலைதான். வாடிக்கையாளர் போன் செய்வார், உங்கள் படம் போன் செய்யாது.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் வாரத்தில் இரண்டு காலைப் பொழுது மட்டும் சொந்த வேலைக்கு ஒதுக்குங்கள். எனக்குச் செவ்வாயும் வெள்ளியும், விடியற்காலை ஐந்து முதல் ஒன்பது வரை. போன் அடுப்படியில் இருக்கும். தடைக்காலத்தில் மட்டும் இந்த விதியை நானே தளர்த்திவிடுவேன், அந்த 61 நாளும் முழுக்கப் படகுதான். அதை நவம்பரில் ஈடு கட்டுவேன். மழை பெய்யும்போது உட்கார்ந்து வரைவதற்கு மழைக்காலப் பங்கு சோறு போடும். சொல்லப்போனால் என் நல்ல படங்கள் எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் வந்தவைதான்.

படி 6: அட்வான்ஸ் இல்லாமல் டின்னைத் திறக்காதீர்கள்

ஒரு விடுதியில் வரவேற்பறைச் சுவர் முழுக்கப் பாம்பன் பாலம் வரையச் சொன்னார்கள். ஒன்பது நாள் வேலை. முதலாளி நல்ல மனிதர், டீயெல்லாம் வரும். முடித்த பிறகு "ரயில் இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கலாமே" என்றார். மாற்றினேன். பணம் ஏழு மாதம் கழித்து, அதுவும் பாதிதான் வந்தது. தப்பு என்னுடையதும்கூட, எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை.

இப்போது வாட்ஸ்அப்பில் நான்கே வரி அனுப்புகிறேன்: என்ன வேலை, எத்தனை நாள், மொத்தம் எவ்வளவு, எத்தனை திருத்தம். கீழே, "பாதி அட்வான்ஸ் வந்ததும் ஆரம்பிக்கிறேன்." சரி என்று பதில் வந்தால்தான் கிளம்புவேன். சொந்தக்காரர்களிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அவர்களுக்கு இலவசமாகச் செய்யுங்கள், அல்லது முழு விலைக்குச் செய்யுங்கள். நடுவில் ஒரு விலை சொன்னால் காசும் போகும், உறவும் போகும்.

படி 7: காகிதம்

உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில் செய்பவர்களுக்கான அரசுப் பதிவு, இலவசம், இணையத்தில் நீங்களே செய்யலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பற்றிக் கவலை. நிறுவனங்கள் வரி பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால், ரிட்டர்ன் போடுங்கள். உங்கள் வருமானத்துக்கு வரி இல்லையென்றால் பிடித்தது திரும்ப வரும். நிறையப் பேர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இனி எல்லோரும் கேட்கும் கடைசிக் கேள்வி: இருக்கிற வேலையை எப்போது விடலாம்? மழைக்காலக் கணக்கில் நான்கு மாத வீட்டுச் செலவு சேர்ந்த பிறகு என்பது என் பதில். மேலே போட்ட கணக்கில் அது 60,000 ரூபாய். மாதம் 6,000 ஒதுக்கினால் பத்து மாதம் ஆகும். போன மழைக்கு முன்னால் என் கணக்கில் இரண்டரை மாதத்துக்குத்தான் இருந்தது. டிசம்பரில் ஒரு மீன் கம்பெனியின் ஐஸ் பெட்டிகளுக்கு நம்பர் எழுதிக் கொடுத்தேன். நானூறு பெட்டி, எல்லாம் ஒரே மாதிரி எழுத்து.