வேலையிட விபத்தைத் தெரிவிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கு அடிபட்டால் முதலுதவி, ஆம்புலன்ஸ், வீட்டுக்குத் தகவல் எல்லாம் மளமளவென்று நடந்துவிடும். அரசின் தொழிலாளர் பாதுகாப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும் என்ற பேச்சு எழும்போதுதான் தயக்கம் வரும். "முதல்ல என்ன நடந்ததுன்னு விசாரிப்போம், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பார் மேனேஜர். பாதித் தவறுகளுக்கு இந்தப் பேச்சுதான் ஆரம்பம்.

உள்விசாரணை முடிய வாரக்கணக்கில் ஆகலாம். சட்டம் அதுவரை காத்திருக்காது. அமெரிக்காவில் உயிரிழப்பு என்றால் 8 மணி நேரத்துக்குள் ஓஷா (OSHA) என்ற அரசின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். உள்நோயாளியாகச் சேர்த்துச் சிகிச்சை தர நேர்ந்தாலோ, உறுப்பு துண்டானாலோ, கண் போனாலோ 24 மணி நேரம். பிரிட்டனில் உயிரிழப்புக்கும் பலத்த காயத்துக்கும் உடனடித் தகவல், 10 நாட்களுக்குள் முறையான அறிக்கை. முதல் தகவலில் யார், எங்கே, எப்போது, என்ன காயம் என்பது இருந்தால் போதும். காரணத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

தள்ளிப்போடுவதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது: எழுதிக் கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்று. அப்படியில்லை. விபத்தைப் பதிவு செய்வதாலோ தெரிவிப்பதாலோ முதலாளி மீதோ தொழிலாளி மீதோ தவறு என்று ஆகிவிடாது என அமெரிக்க விதிகளே வெளிப்படையாகச் சொல்கின்றன. மறைப்பதுதான் வம்பு. மருத்துவமனைச் சீட்டு, இன்சூரன்ஸ் மனு, கூட வேலை பார்த்தவரின் புகார் என்று ஏதாவது ஒரு வழியில் விஷயம் வெளியே வரும். அப்போது விபத்தோடு, தெரிவிக்காத குற்றமும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது, "சின்னக் காயம்தானே" என்ற கணிப்பு. எது சின்னது என்பதைச் சட்டம்தான் முடிவு செய்கிறது, அதுவும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வைத்த அளவு, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போவது. மலேசியாவில் 4 நாட்களுக்கு மேல், பிரிட்டனில் 7 நாட்களுக்கு மேல். சிங்கப்பூரில் 2020 செப்டம்பர் முதல், வேலையில் பட்ட காயத்துக்கு டாக்டர் ஒரே ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் விரல் நுனி துண்டானால், எலும்புக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், அது உறுப்பு துண்டான விபத்துதான். மெஷினில் நுனியை இழந்தவர் கட்டுப் போட்டுக்கொண்டு மாலையே வீடு திரும்பினாலும் 24 மணி நேரக் கெடு உண்டு.

நாட்களை எண்ணுவதிலும் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பிரிட்டன் கணக்கில் அடிபட்ட நாள் சேராது, ஆனால் வார விடுமுறை சேரும். வெள்ளிக்கிழமை கை சுளுக்கியவருக்குச் சனிக்கிழமை முதல் நாள், ஞாயிறு இரண்டாம் நாள். ஆலைக்கு இரண்டு நாளும் விடுமுறை என்பதெல்லாம் பொருட்டில்லை. இன்னொரு சாமர்த்தியமும் நடக்கும். கட்டுப் போட்ட கையோடு ஆளை வரவழைத்து ஆபீஸில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, "அவர் வேலைக்கு வந்துட்டாரே" என்பார்கள். செல்லாது. தன் வழக்கமான வேலையை அவரால் செய்ய முடியாத நாட்கள் எல்லாமே கணக்கில் வரும். சிங்கப்பூரில் டாக்டர் லைட் டூட்டி, அதாவது இலகுவான வேலை மட்டும், என்று எழுதிக் கொடுப்பதே தெரிவிக்கப் போதுமான காரணம்.

யாருக்கும் கீறல்கூட விழவில்லை என்றால்? கிரேன் சரிந்தது, பாய்லர் போன்ற அழுத்தக் கலன் வெடித்தது போன்றவற்றைப் பல நாடுகள் ஆபத்தான நிகழ்வு என்று தனியே பட்டியலிட்டிருக்கின்றன. ஆள் தப்பித்தாலும் அவற்றைத் தெரிவித்தாக வேண்டும்.

தொழில்நோய்கள் இன்னும் எளிதாக விட்டுப்போகும். கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய், இரைச்சலால் போகும் காது ஆகியவற்றுக்கு விபத்து நடந்த தேதி என்று ஒன்று கிடையாது. இவற்றில் பொதுவாக டாக்டர் நோயை உறுதிசெய்து தெரிவிக்கும்போதுதான் கெடு ஓட ஆரம்பிக்கும். அந்தச் சீட்டு வேலையிடத்துக்கு வந்து, வெறும் மெடிக்கல் லீவாகக் கோப்பில் போய்ச் சேருவதுதான் வழக்கமான தவறு.

சரி, அறிக்கை எழுத உட்காருகிறோம். "தொழிலாளி கவனக்குறைவாக நடந்ததால் வழுக்கி விழுந்தார்." எத்தனையோ படிவங்களில் இந்த ஒரு வரிதான் இருக்கும். இது விவரமே இல்லை, தீர்ப்பு. இதையே இப்படி எழுதலாம்: "இரவு 10.40. கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்து நடைபாதை. கியர் பெட்டியிலிருந்து கசிந்த எண்ணெய் தரையில் பரவியிருந்தது. மேலே இருந்த விளக்கு எரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் வலது கால் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு." இதைப் படிக்கும் ஆய்வாளருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். நாளைக்கு அதே இடத்தில் நடக்கப்போகிறவருக்கும் பயன் உண்டு. 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டால் கசிவை யாரும் அடைக்கப்போவதில்லை.

அந்த எண்ணெயை உடனே கழுவிவிடுவதும் தவறுதான். ஆளை மீட்கவும் மேலும் ஆபத்து வராமல் தடுக்கவும் தேவையானதை மட்டும் செய்துவிட்டு, போட்டோ எடுத்து இடத்தை அடைத்து வையுங்கள். பெரிய விபத்தென்றால் ஆய்வாளர் அனுமதிக்கும் வரை எதையும் நகர்த்தக் கூடாது என்று பல நாடுகளில் விதியே இருக்கிறது. சிசிடிவி பதிவைத் தனியாக எடுத்து வைக்க மறக்காதீர்கள். பல கருவிகள் சில நாட்களில் பழையதை அழித்துவிடும்.

அடிபட்டவர் காண்ட்ராக்ட் ஆள் என்றால் பந்து உருள ஆரம்பிக்கும். ஆலை ஏஜென்சியைக் கைகாட்டும், ஏஜென்சி ஆலையைக் கைகாட்டும், கெடு தாண்டிவிடும். அமெரிக்க விதிப்படி அன்றாடம் வேலை வாங்குகிறவர்தான் பொறுப்பு, சம்பளம் யார் கொடுத்தாலும் சரி. இதை ஒப்பந்தம் போடும்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இன்சூரன்ஸுக்கு அனுப்பியாயிற்று, போலீஸுக்குச் சொல்லியாயிற்று என்று இருந்துவிடுவதும் இதே ரகம். அவை வேறு, பாதுகாப்புத் துறைக்கான தகவல் வேறு.

தொழிலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. வலி பொறுக்கும்படி இருந்தாலும் அன்றைக்கே சூப்பர்வைசருக்கு எழுத்தில் தெரிவித்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது ஷிஃப்ட் மாறியதும் காணாமல் போகும். நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். டாக்டரிடம் வீட்டில் விழுந்தேன் என்று சொல்லச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்தச் சீட்டுதான் உங்களுக்கு எதிராக நிற்கும்.

அனுப்பியதோடு கோப்பை மூடிவிடவும் கூடாது. காயம்பட்டவர் பிறகு இறந்துவிட்டால் மறுபடி தெரிவிக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் விபத்திலிருந்து 30 நாட்கள் வரை இது பொருந்தும். பிரிட்டனில் ஓர் ஆண்டு வரை, முன்பே அறிக்கை கொடுத்திருந்தாலும்கூட.