டைம் மெஷின் நாவல்ல வர்ற உவமைகளை எப்படி படிக்கிறது

எச். ஜி. வெல்ஸ் 1895ல எழுதின 'த டைம் மெஷின்' படிக்கிறப்போ நிறைய பேரு என்ன பண்றாங்கன்னா, அடிக்கோடு போட்டு இது உவமை இது உருவகம்னு ஓரத்துல எழுதிட்டு அடுத்த பக்கம் போயிடறாங்க, அதுல ஒண்ணும் கிடைக்காது. யாரு சொல்றா, எப்போ சொல்றா, இந்த ரெண்டையும் கேளுங்க.

ஒரு நோட்டுல நடுவுல கோடு போட்டுக்கோங்க. காலத்துல பயணம் பண்ற மெஷின்ல ஏறி ஒருத்தன் போய் சேர்ற வருஷம் 802701, திரும்பி வந்து கதை சொல்றதும் அவன்தான், நாவல்ல அவன் பேரு காலப்பயணி. ஒரு பக்கம் ஈலாய், மேல வெயில்ல பழம் சாப்பிட்டு விளையாடற ஆளுங்க. இன்னொரு பக்கம் மார்லாக், பூமிக்கு அடியில இருட்டுல மெஷினோட கிடக்கறவங்க. காலப்பயணி இவங்களை எதோட ஒப்பிடறான்னு வரிசையா எழுதிட்டே வாங்க.

ஈலாய் பக்கம் முதல்ல பீங்கான் பொம்மை அழகு, சின்னக் குழந்தைங்க, இப்படித்தான் வரும். கடைசிக்கு பக்கத்துல போனா மேய்ச்சல் மாடு. மாடு மாதிரியே நிம்மதியா பொழுது போகுது, முடிவும் அதே முடிவுதான்னு சொல்றான். நடுவுல என்ன ஆச்சுன்னா மார்லாக் ஈலாயை அடிச்சு சாப்பிடுதுன்னு அவனுக்கு தெரிஞ்சு போச்சு. ஈலாய் அப்படியேதான் இருக்காங்க, உவமைதான் மாறியிருக்கு.

மார்லாக் பக்கம்தான் நின்னு நிதானமா படிக்கணும். மார்லாக் இருக்கற இடத்துக்குப் போற கிணத்து சுவத்துல இறங்கறது மனுஷச் சிலந்தியாம், உடம்பு நிறம் மியூசியத்துல ஸ்பிரிட்ல போட்டு வச்ச வெளிறிப்போன புழுவாம், அப்புறம் எறும்பு. ஆனா இவங்க தொழிலாளியோட வம்சம்னு விளக்கறதும் அவன்தான், லண்டன்ல அப்பவே பூமிக்கு அடியில ரயில், பட்டறை எல்லாம் இருக்கே, ஈஸ்ட் எண்ட்ங்கற ஏழைப் பகுதித் தொழிலாளி இப்பவே பூமியோட மேல்பரப்பை விட்டு அறுந்துதானே வாழறான்னு கேக்கறான். இவ்வளவு புரிஞ்சவன் வாயிலதான் புழுவும் சிலந்தியும் வருது பாருங்க, அந்த அருவருப்பு வசதியான வீட்டு மனுஷனோட அருவருப்பு, அதை மார்லாக் கணக்குல எழுதிடாதீங்க.

அடித்தட்டு மக்கள்னு நாம யோசிக்காமலே சொல்லிட்டு போறோம், அந்த உருவகத்தை வெல்ஸ் நிஜமாவே மண்ணுக்கு அடியில தோண்டி வச்சுட்டாரு. அவரோட அம்மா 1880லேருந்து அப்பார்க் மாளிகையில ஹவுஸ்கீப்பர், அங்க வேலைக்காரங்க போக வரன்னே சுரங்கப்பாதை இருக்கு, வெல்ஸ் அங்க போய் தங்கின ஆளு. இதை தெரிஞ்சுட்டு கிணத்துக்குள்ள இறங்கற அத்தியாயத்தை இன்னொரு தடவை படிங்க, எனக்கு அந்த உலோகப் படி ஒவ்வொண்ணும் கனமா தெரிஞ்சுது.

கடைசியா ஆரம்பத்துக்கே திரும்பி போங்க. காலப்பயணி அழுக்கும் காயமுமா லண்டன் பக்கத்துல ரிச்மண்ட்ல இருக்கற தன் வீட்டுக்கு வந்து நிக்கிறான், விருந்தாளிங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க, அவன் கேக்கறது ஆட்டுக்கறி, கொஞ்சம் எனக்கு எடுத்து வைங்க, கறிக்கு ஏங்கிப் போயிட்டேன்னு. அந்த வரியை மார்லாக் பக்கத்துல எழுதிக்கோங்க.