சர்க்கரை போடாத கார்ன்பிரெட்: அமெரிக்கத் தெற்கின் பழைய முறை

கார்ன்பிரெட் என்பது மக்காச்சோள மாவில் சுடுகிற ரொட்டி. முதலில் மாவைச் சரியாக வாங்குங்கள். சூப் கெட்டியாவதற்குப் போடுகிற வெள்ளை கார்ன்ஃப்ளார் இதற்கு ஆகாது, மக்காச்சோளத்தை அரைத்த, விரலில் நறநறவென்று படுகிற மாவுதான் வேண்டும். மைதா வேண்டாம். அந்தக் காலத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கோதுமை சரியாக விளையவில்லை, வாங்கவும் விலை அதிகமாக இருந்தது. செரோக்கி, சோக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாகப் பயிரிட்ட மக்காச்சோளம்தான் அங்கே ஏழைகளின் வயிற்றை நிரப்பியது, அதை இந்த ருசிக்குக் கொண்டுவந்ததில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களின் பங்கு மிகப் பெரியது, அதைச் சொல்லாமல் இந்த ரொட்டியைப் பற்றிப் பேசவே கூடாது.

சர்க்கரையும் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த, உருளைகளுக்கிடையே தானியத்தை நசுக்கி அரைக்கும் ஆலைகள் மாவு கெடாமலிருக்க முளைக்கருவை நீக்கின, ருசியும் கூடவே போனது. சர்க்கரை சேர்க்கும் பழக்கம் பரவியதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். கல் இயந்திரத்தில் அரைத்த மாவு கிடைத்தால் விடாதீர்கள்.

ஓவனை 220 டிகிரி செல்சியஸில் வைத்து, 10 அங்குல வார்ப்பிரும்புச் சட்டியை உள்ளேயே சூடாக்குங்கள். 2 கப் மாவு, 1 டீஸ்பூன் உப்பு, 1 டீஸ்பூன் சமையல் சோடா, 2 முட்டை, 2 கப் கெட்டியான புளித்த மோர், அவ்வளவுதான். சோடா பொங்குவதற்கு மோரின் புளிப்பு அவசியம், அதனால் பால் ஊற்றாதீர்கள். சட்டியில் 3 மேசைக்கரண்டி கொழுப்பு (அங்கே பன்றிக்கொழுப்பு, நமக்கு எண்ணெய் போதும்) காய்ந்ததும் மாவை ஊற்றுங்கள், சுர்ரென்று சத்தம் வரவேண்டும், வராவிட்டால் மொறுமொறுப்பான அடிப்பாகம் கிடைக்காது. 20 முதல் 25 நிமிடம். வெந்ததும் உடனே தட்டில் கவிழ்த்துவிடுங்கள்.

அப்புறம், இதை மட்டுமே தின்று வாழ முடியாது. பழங்குடியினர் மக்காச்சோளத்தைச் சாம்பல் நீரில் வேகவைத்ததால் அதிலிருந்த நியாசின் என்ற பி வைட்டமின் உடலில் சேர்ந்தது. அந்தப் பக்குவம் இல்லாத மாவையும் பன்றிக்கொழுப்பையும் வெல்லப்பாகையும் நம்பி வாழ்ந்த குத்தகை விவசாயிகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் கொன்றது. 1914இல் ஆராயத் தொடங்கிய அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், இது தொற்று அல்ல, உணவுக் குறைபாடு என்று காட்டினார். அதனால் பக்கத்தில் ஒரு பருப்பும் கீரையும் கட்டாயம் வையுங்கள். கீரை வெந்த தண்ணீரைக் கொட்டாமல் ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். தோய்ப்பதா, உதிர்த்துப் போடுவதா என்று 1931இல் லூசியானா மாநில ஆளுநர் ஹியூ லாங்கும் அட்லாண்டா பத்திரிகை ஒன்றும் பகிரங்கமாக வாதாடினார்கள், லாங் தோய்க்கும் கட்சி. மிஞ்சியதை மறுநாள் குளிர்ந்த மோரில் உதிர்த்துக் கரண்டியால் சாப்பிடுங்கள்.