பழைய ஆர்கேட் போர்டு: கடைமடைக்கு 5 வோல்ட் வந்ததா?

கும்பகோணத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றில் ஆர்கேட் விளையாட்டுப் போர்டு ஒன்று, அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டு இயந்திரத்தின் சர்க்யூட் போர்டு, கிடைத்தது. ஐப்பசி மழை ஈரத்தில் கிடந்து, செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. இப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், உடனே மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் விளிம்பைப் பாருங்கள். பக்கத்துக்கு 28 வீதம் 56 தொடுமுனைகள் இருந்தால், அது பெரும்பாலும் 1985-இல் ஜப்பானில் வந்த ஜாமா என்ற பொது இணைப்பு முறை. 1980-இல் வந்த பேக்-மேன் போன்ற முந்தைய போர்டுகளுக்கு இணைப்பு வேறு; அவற்றை ஜாமா வயரில் செருகக் கூடாது.

தொடுமுனைகளை வெள்ளை ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ஜாமா போர்டில் சிப்கள் இருக்கும் பக்கத்தில் 1, 2-ஆம் தொடுமுனைகள் தரை இணைப்பு. 3, 4-இல் 5 வோல்ட். 6-இல் 12 வோல்ட். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து 1-க்கும் 3-க்கும் இடையே பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட். அதைக் கண்டுபிடிக்கும்வரை மேலே போக வேண்டாம்.

இனி மின்சாரம். நான் கோட்டைவிட்டது இங்கேதான். பவர் சப்ளை முனையில் மீட்டர் 5.0 காட்டியது, திரையிலோ வெறும் கோலம். விளையாட்டின் நிரல் பதிந்திருக்கும் ரோம் சிப்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு இரவுகள் அதையே நோண்டினேன். மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தியை நம்பி எந்தக் கடைமடை விவசாயி நாற்று விடுகிறார்? வாய்க்காலில் இறங்கிப் பார்த்த பிறகுதானே! போர்டிலும் இணைப்பிலிருந்து தூரத்தில் உள்ள ஒரு சிப்பில் அளக்க வேண்டும். 14 கால் கொண்ட 74 வரிசைச் சிப்களில் பெரும்பாலும் 14-ஆம் கால் மின்சாரம், 7-ஆம் கால் தரை. அங்கே 4.75-க்குக் குறையவோ 5.25-ஐத் தாண்டவோ கூடாது. எனக்கு 4.6.

மெல்லிய வயரே காரணம். தடித்த வயர் போட்டு, 3, 4 இரண்டையும், தரை முனைகள் எல்லாவற்றையும் இணைத்தேன். பவர் சப்ளையில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடுவது கடைசியில்தான். அதுவும் மீட்டரைப் பார்த்தபடி, மயிரிழை அளவு.

அதன் பிறகும் கோலமே தெரிந்தால் ரோம் சிப்களைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து, கால்களைத் துடைத்து, அதே திசையில் செருகுங்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிக்காதீர்கள்: அடியில் கண்ணாடிச் சன்னல் இருக்கும், புற ஊதா ஒளி பட்டால் உள்ளே எழுதியது அழிந்துவிடும். சாதாரணக் கணினித் திரை இந்தப் போர்டு அனுப்பும் 15 கிலோஹெர்ட்ஸ் படத்தைப் பெரும்பாலும் ஏற்காது, இடையே ஒரு மாற்றிக் கருவி தேவை. பழைய குழாய்த் திரையானால் பின்மூடியைக் கழற்றாதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

எனக்குப் படம் வந்தது, படுத்துக்கொண்டு. அது நெட்டுத் திரைக்கென்று செய்த விளையாட்டு. முதல் ஆட்டத்தைக் கழுத்தைச் சாய்த்தபடிதான் ஆடினேன்.